கழலாத நட்டு

“நட்டு கழரலன்னு ஒரு பொய் சொல்லிருங்க, நானா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடப்பட்ட மெக்கானிக் நபீஸ் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். கொழும்பு வெள்ளவத்தையில் அவனிடம் பொய் கேட்டு வந்த முதல் ஆள் பாக்கியலெட்சுமிதான். மற்றவர்கள் எல்லோரும் அவன் சொல்வதே பொய் என்றுதான் சண்டை பிடிக்க வருவார்கள்.

கராஜுக்கு எதிரே உள்ள தொடர்மாடியில் அவள் துப்புரவு வேலை செய்கிறாள். பின்னேரங்களில் கீழே தண்ணீர் மோட்டர் அறைக்குள் களவாக வடை சுட்டு வீடுகளுக்கு விற்கிறாள். அங்கே அடுப்பு மூட்டுவதைக் கண்டால் அன்றைக்கே வேலை போகும் என்று கமிட்டி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது.

ஆனால் காணத்தான் முடியவில்லை. காரணம், கமிட்டித் தலைவர் லோகேஸ்வரனின் முப்பது வருடப் பழைய கார். சைலன்சர் துருவேறி உக்கிப்போய், காலி வீதியில் திரும்பும்போதே அதன் சத்தம் மோட்டர் அறைக்குக் கேட்கும். தலைவரும், அவரோடு கந்தோரில் வேலை முடிந்து வரும் செயலாளர் சந்திரகுமாரும் ஒழுங்கைக்குள் முச்சக்கர வண்டிகளை விலக்கிக்கொண்டு வந்து இறங்குவதற்குள் அடுப்பும் சட்டியும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விடும். பாக்கியலெட்சுமி தும்புத்தடியால் கூட்டிக்கொண்டு நிற்பாள்.

“வடை வாசம் வருதே!” என்று சந்திரகுமார் மூக்கை உறிஞ்சுவார்.

“அது பக்கத்துக் கடையிலை,” என்பார் லோகேஸ்வரன்.

வீட்டுக்குப் போய்த் தேநீரோடு அதே வடையைத்தான் சந்திரகுமார் தின்பார். தானே சுட்டதாக மனைவி சொல்லி வைத்திருந்தார்.

கடைசியில் காரின் சத்தம்தான் காட்டிக்கொடுக்கிறது என்பது சந்திரகுமாருக்கு உறைத்துவிட்டது. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அலைந்து திரிந்து ஒரு சைலன்சரை வாங்கிவிட்டார். நாளைக் காலையில் நபீஸ்தான் அதைக் காரில் பூட்ட வேண்டும்.

“சத்தம் போச்சுன்னா என் வேல போச்சு நானா. வேல போனா தங்கியிருக்குற ரூமும் போயிரும். நா எங்க போவேன்?”

நபீஸுக்கு மனம் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் அவளிடம் ஓசி வடை தின்கிற வாயால் மாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை.

“சரி, போங்க. நான் பாத்துக்கொள்றன்.”

மறுநாள் காலையில் கார் வந்தது. லோகேஸ்வரன் ஒரு மூலையில் பேப்பரை விரித்தார். சந்திரகுமாரோ பிளாஸ்டிக் கதிரையை இழுத்துக் காருக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார்.

“மூண்டே மூண்டு நட்டு. கழட்டும், நான் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

பொய் சொல்ல நபீஸுக்குத் தெரியும். நடிக்கத் தெரியாது.

எண்ணெய் விட்டு அரை மணித்தியாலம் ஊறவைத்தான். பிறகு ஸ்பேனரைப் போட்டு, யா அல்லாஹ், கழலக் கூடாது என்று வேண்டிக்கொண்டே இழுத்தான்.

கழலவில்லை!

“பலமா இழும்!”

சுத்தியலால் தட்டினான். நெருப்புக் காட்டினான். ஸ்பேனருக்கு ஒரு இரும்புக் குழாயைக் கொளுவி நீளமாக்கினான். சந்திரகுமாரும் வந்து சேர்ந்து தொங்கினார். ஸ்பேனர் வழுக்கி, அவர் போய்ப் புதுச் சைலன்சரின் மேல் குந்தினார். நட்டு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

“வெட்டி எடும் ஐசே!” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

பேப்பர் கீழே இறங்கியது. “என்ர காரிலை ஒருத்தரும் கிரைண்டர் வைக்கப்படாது,” என்றார் லோகேஸ்வரன். “இதின்ர சாமான் இப்ப எங்கையும் எடுக்கேலாது.”

நபீஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோட்டீஸ் ஒட்டி ஏழை வயிற்றில் அடிக்கிற மனிதருக்கு இந்தத் தகர டப்பாவின் மேல் மட்டும் எவ்வளவு இரக்கம்!

“சேர், இனி இழுத்தா போல்ட் ஒடஞ்சிரும். பொறகு எஞ்சினத்தான் எறக்கணும்,” என்றான். இந்தத் தடவை அவனுக்குப் பொய் தேவைப்படவில்லை.

சந்திரகுமார் முணுமுணுத்துக்கொண்டே கை கழுவப் போனார்.

பாக்கியலெட்சுமி தப்பினாள். ஆனாலும் நபீஸுக்கு மனம் ஆறவில்லை. பதினெட்டு வருடத் தொழிலில் அவனை இப்படி வென்ற நட்டு ஒன்றுமில்லை. டோர்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் புகுந்தான். நட்டுகளின் மறுபக்கத்தில் அப்பியிருந்த மண்ணை விரலால் சுரண்டினான்.

துரு அல்ல, வெல்டிங். மூன்று நட்டுக்கும் யாரோ வெல்ட் அடித்து, மேலே மண்ணைப் பூசியிருக்கிறார்கள்.

திகைத்துத் திரும்பினான். லோகேஸ்வரன் காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். சந்திரகுமார் போன பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பேப்பரால் வாயை மறைத்துக்கொண்டார்.

“சுரண்டாதையும் தம்பி, மண்ணைத் திருப்பிப் பூசும். புதுச் சைலன்சர் வாங்கப் போறன் எண்டு இவர் சொன்ன அண்டைக்கே கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய் வெல்ட் அடிப்பிச்சனான். அடுப்பை ஒளிக்க அந்தப் பிள்ளைக்கு மூண்டு நிமிசமாவது வேணுமெல்லோ?”