ஆரஞ்சு உரித்த டாக்டர்கள்

மூட்டு டாக்டர் ஆரஞ்சை உரித்து முடிக்கும்வரை, அதைக் கொண்டுவந்த பெரியவர் அவர் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சாறு தெறித்து மேஜையெல்லாம் ஈரமானதும், தன் முகமூடியைச் சரிசெய்துகொண்டு, "போலாம் தம்பி" என்று எழுந்துவிட்டார்.

தோள் கொடுத்துத் தாங்கி வந்த டாக்ஸி டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. காலையிலிருந்து இது இரண்டாவது ஆஸ்பத்திரி. முதல் டாக்டர், உரித்துத் தரச் சொல்லிப் பழத்தை நர்சிடம் நீட்டிவிட்டார். அந்த டாக்டரும் தேறவில்லை.

முட்டி ஆபரேஷன் என்றால் பாலத்தடி ஆஸ்பத்திரிதான் என்று ஊரே சொல்கிறதே என டிரைவர் மெல்லப் பேச்செடுத்தான். சும்மா இல்லை, நாளைக் காலையில் அவன் அம்மாவுக்கு அங்கேதான் ஆபரேஷன். நாலு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. அக்காதான் அம்மாவை உள்ளே கூட்டிப்போவாள். அங்கே போகும்போதெல்லாம் இவன் வண்டியை விட்டு இறங்கியதே இல்லை.

"குட்டிக்கரணம் போட்டாலும் அங்க எனக்கு ஆபரேஷன் நடக்காது" என்றார் பெரியவர்.

அங்கிருக்கிற டாக்டரும் ஆரஞ்சில் தோற்றவர்தானோ என்று டிரைவர் யோசித்தான்.

மூன்றாவது ஆஸ்பத்திரியில், வரவேற்பு மேஜைப் பெண் பெரியவரின் எக்ஸ்ரேயைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். அவர் பேச்சை நிறுத்தாமலே அதை வாங்கி நேராக்கிக் கொடுத்தார். இத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கினால் நோயாளியும் பாதி டாக்டர் ஆகிவிடுவார் போல என்று டிரைவர் நினைத்துக்கொண்டான்.

அங்கே ஒரு லேடி டாக்டர். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக உரித்து, சுளையில் ஒட்டிய நாரைக்கூட விடாமல் எடுத்து, தட்டில் அடுக்கி, "சாப்பிடுங்கய்யா" என்று நீட்டினார். பெரியவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அடுத்த வாரத்துக்குத் தேதியும் குறித்தாயிற்று.

அதற்கு மேல் டிரைவரால் தாங்க முடியவில்லை. பெற்ற தாயாயிற்றே, ஆரஞ்சு உரிக்கத் தெரியுமோ தெரியாதோ என்கிற ஆளிடம் முட்டியைக் கொடுக்கலாமா? பெரியவரைப் பின்சீட்டில் உட்காரவைத்துவிட்டு, நாலடி தள்ளிப் போய் நின்று பாலத்தடி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். நாளைக்கு அம்மா வரவில்லை, வேறு யாருக்காவது அந்த நேரத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி முடித்தபிறகுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

வண்டியைக் கிளப்பி ஒரு திருப்பம்கூடத் தாண்டவில்லை. பெரியவரின் செல்போன் அடித்தது. முகமூடியைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

"நாளைக்கு முதல் கேஸ் வரலையா? அடப் பாவமே, நாலு மாசமா காத்திருந்த அம்மாவாச்சே."

டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்தினான். கண்ணாடியில் அவரையே பார்த்தபடி, அப்புறம் ஏன் அங்கே மட்டும் வேண்டாமென்றீர்கள் என்று மென்று விழுங்கிக் கேட்டான்.

"என் முட்டியை நானே எப்படி தம்பி அறுத்துக்கறது?"