நான்காம் எண் கணினி

முதலில் சில செய்திகளைச் சொல்லிவிட வேண்டும்.

ஆண்டு 2005. சந்தனமாரி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தப் பணி. இணையவழி மழலையர் கல்விப் பட்டயத்தில் சேர்ந்திருந்தாள். படிப்பு நின்றால் ஊர் திரும்பி, பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுவதாக அண்ணனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அந்தப் படிப்புக்கு ஒரு விதி உண்டு: வாரந்தோறும் வகுப்புப் பக்கத்தில் ஒரு கட்டுரை இட வேண்டும், அதற்குச் சக மாணவர் எவரேனும் மறுமொழி எழுத வேண்டும். பத்து மறுமொழி பெறாதவருக்குத் தேர்வு இல்லை. பக்கத்தில் மாணவர் பெயர் தோன்றாது; எண் மட்டுமே தோன்றும். சந்தனமாரியின் எண் 43.

இனிக் கதை.

"எழுந்திரு. ஒரு மணி நேரம் ஆச்சு."

"இன்னும் ரெண்டே வரிதாம்க்கா."

"ரெண்டு வரின்னுவே, ரெண்டு பக்கம் எழுதுவே. பின்னால பாரு, கம்பெனி லைன்ல வேலை செய்ற பசங்க நாலு பேர் நின்னுகினு கீறாங்க."

தொழிற்சாலைக்கு அருகிலிருந்த அந்த இணைய மையத்தில் நான்காம் எண் கணினியில் மட்டுமே தமிழ் எழுத்துரு இருந்தது. முதல் ஷிப்டு முடிந்ததும் சந்தனமாரி நேரே அதன்முன் வந்து அமர்வாள். மையத்தை நடத்திய பெண்மணியை எல்லாரும் 'அக்கா' என்றே அழைத்தனர். அக்காவிடம் கனிவு கிடையாது. ஆனால் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படிக்கும் வழக்கம் உண்டு.

"எட்டிப் பாக்காதீங்கக்கா, கூச்சமா இருக்கு."

"ஏன், லவ் லெட்டரா எழுதுறே?" அக்கா உரக்கப் படித்தார். "'பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பதால்தான் குழந்தை பேசத் தொடங்குகிறது.' இதுக்கு ஒரு படிப்பா? எழுந்திரு."

ஐந்து வாரம் சென்றது. மறுமொழி ஒன்றும் வரவில்லை. ஆசிரியர் நரசிம்மன் மட்டும் ஒவ்வொரு கட்டுரையின் கீழும் ஆங்கிலத்தில் 'வெரி குட்' என்று இட்டார்.

"கம்பெனிக்காரிதானேன்னு நெனைக்காவ போலக்கா. ஒருத்தரும் என்னய மதிக்கல."

"மதிக்கலேன்னா போவட்டும். டைம் ஆவுது பாரு."

சந்தனமாரியின் விடுதி அறையில் எட்டுப் பெண்கள் தங்கியிருந்தனர். ஷிப்டு மூன்று, ஒருத்தி விழித்திருக்கையில் மற்றவர்கள் உறங்கினர். சந்தனமாரி உணவைக்கூட ஓசையின்றி உண்ணப் பழகியிருந்தாள்.

ஆறாம் வாரம் 44 என்ற எண்ணிலிருந்து நல்ல தமிழில் மறுமொழி வந்தது.

'கட்டுரை நன்று. ஆனால் பேசாத குழந்தைக்கும் நாம் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? இரண்டாம் பத்தியில் சான்று இல்லை. சாப்பிட்டீர்களா?'

சந்தனமாரி அதைக் குறிப்பேட்டில் எழுதி எடுத்துக்கொண்டாள். அதன்பின் வாரம் தவறாமல் 44 எழுதியது. 44-இன் கட்டுரைகளுக்கு இவளும் எழுதினாள். ஒரு கட்டுரை, 'கேட்பவர் இல்லாத வீட்டில் பேச்சு குறைந்துவிடுகிறது' என்று முடிந்தது. அதற்கு மட்டும் இரண்டு மறுமொழி எழுதினாள்.

"ஒரு சிநேகிதி கெடச்சிருக்காக்கா. எங்கயோ தூரத்துல இருக்கா. இந்த ஊர்ல எனக்குன்னு யாருமில்ல, அவ ஒருத்திதான்."

அக்கா ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினார்.

"சரி சரி. சிநேகிதியாண்ட நாளைக்குப் பேசு. எழுந்திரு."

பத்து மறுமொழி நிறைந்தது. தேர்வு நுழைவுச்சீட்டு வாங்கக் காஞ்சிபுரம் படிப்பு மையத்துக்குச் சென்றாள். நரசிம்மன் தம் கணினியில் அவள் பக்கத்தைத் திறந்தார். திரை முழுவதும் வால் முளைத்த ஆங்கில எழுத்துகளும் கேள்விக்குறிகளும் நிறைந்திருந்தன.

"சார், இது என்னது?"

"உன் கட்டுரைதாம்மா. நீ அடிச்ச தமிழ் ஃபான்ட் எங்க கம்ப்யூட்டர்ல இல்ல. எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்."

"அப்ப 'வெரி குட்'னு போட்டீங்களே, சார்?"

நரசிம்மன் மேசைமேல் இருந்த முத்திரையைத் தேடினார்.

"எல்லாருக்கும் போடுறதுதானேம்மா."

"நாப்பத்து நாலுக்கு மட்டும் எப்படிப் புரிஞ்சுது?"

"அதுவும் இதே எழுத்துலதான் எழுதியிருக்கு. எண்ணிக்கை பத்து இருக்கு, போதும். இந்தா, சீட்டு."

சந்தனமாரி நேரே இணைய மையத்துக்கு வந்தாள்.

"அக்கா, இந்தத் தமிழ் எழுத்து வேற எந்தக் கடையில இருக்கு?"

அக்கா ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தபடியே விடையளித்தார். "எங்கியும் இல்ல. எங்க வூட்டுக்காரர் கல்யாணப் பத்திரிகை அடிக்கறதுக்குன்னு தானே செஞ்ச எழுத்து. அவர் போனப்புறம் அந்த மிஷின்ல மட்டும்தான் கீது."

சொல்லி முடித்த பின்னரே நிமிர்ந்தார். சந்தனமாரி அசையாமல் நின்றாள்.

"இன்னா முழிக்கிறே? டைம் ஆச்சு, எழுந்திரு."

சந்தனமாரி அன்று இன்னும் அமரவே இல்லை.

பின்னர் உறுதிப்பட்டவை வருமாறு:

வகுப்பிலிருந்த மற்ற நாற்பத்திருவரும் ஆசிரியரும் சந்தனமாரியின் எழுத்தில் ஒரு வரியும் படித்ததில்லை. 44ஆம் மாணவி தாமதச் சேர்க்கையின் கடைசி நாளில் விண்ணப்பித்தவர். மறுமொழி எழுதும்பொருட்டே பாடம் முழுவதையும் படித்தவர். தேர்வறையில் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. இருவரும் தேறினர், சான்று காட்டத் தவறியதற்காக இருவருக்குமே மதிப்பெண் குறைந்தது.

44ஆம் மாணவியின் பெயர் லூர்தம்மாள். அப்பெயரைச் சந்தனமாரி தேர்வறை மேசையில் ஒட்டியிருந்த தாளில்தான் அறிந்தாள். இந்த ஊரில் தனக்கென்று யாருமில்லை என்று ஆறு மாதம் அக்காவிடமே முறையிட்டவள், அக்காவின் பெயரை ஒருமுறையேனும் கேட்டதில்லை.