இறால் வலையில் ஐயனார் குதிரை

“பொய் எண்டு மட்டும் எழுதித் தாங்கோ பிள்ளை. இந்தப் பொங்கலோட நிப்பாட்டிப்போடுறன்.”

கோயில் தலைவர் கனகலிங்கம் இப்படிச் சொன்னதும், பக்கத்தில் நின்ற ஊர்ப் பெரியவர் ஏரம்பு அவசரமாக ஓரடி முன்னால் வந்தார்.

தேனுகா பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தவள். வன்னிக் கோயில் வழக்கங்களை ஆராய்ச்சி செய்கிறாள். அக்கராயன் குளக்கட்டு ஐயனார் கோயிலில் அவளை மறித்தது ஒரு வழக்கம்தான். பொங்கலுக்கு ஊர் கூடிக் குவிக்கிற நெல்லில் முதல் மூட்டை, ஊரில் இருக்கிற ஒரேயொரு வேதக்கார வீட்டுக்குப் போகும். மார்கிறட்டின் வீடு. அதற்குக் ‘கடற்கரைப் பங்கு’ என்று பெயர்.

“எங்கட ஐயனாற்ற நெல்லு மாதாவைக் கும்பிடுற வீட்டுக்கு ஏன்?” என்றார் கனகலிங்கம். “அன்னதானத்துக்கு எட்டு வருசமா ஒரு அடியார் ஒரு மூட்டை அரிசி தாறார். நோட்டீசில பேரும் போடவேண்டாமாம். ஆரோ லண்டன்காரர். கொண்டுவந்து இறக்கிற கடைக்கார ஜனகனைக் கேட்டாலும் வாய் திறக்கிறானில்லை. அப்பிடியும் ஒரு சனம். வருசா வருசம் வாங்கித் தின்னவும் ஒரு சனம்!”

மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏரம்பு தொண்டையைச் செருமினார்.

“முந்நூறு வருசத்து வழக்கம் பிள்ளை. ஐயனாற்ற குதிரை தண்ணி விடாய்ச்சு முல்லைத்தீவுக் கடல்மட்டும் ஓடினது. அலை இழுத்துக்கொண்டு போகேக்க, இறாலுக்கு வலை வீசின ஒருத்தர் குதிரையை வலையோட இழுத்துக் கரையில போட்டவர். அவற்ற பரம்பரைதான் மார்கிறட். அந்த நன்றிக்குத்தான் பங்கு.”

“குதிரை என்ன நிறம் ஐயா?”

“வெள்ளை.”

“போன கிழமை செம்பட்டை எண்டு சொன்னனீங்கள்.”

“நனைஞ்ச குதிரையெல்லோ!”

தேனுகா சிரிக்கவில்லை.

“இந்த ஊரே குடியேற்றத் திட்டத்தில வந்தது ஐயா. உங்கட அப்பாவே சாவகச்சேரியில இருந்து வந்தவர். கனடாவில இருக்கிற உங்கட ஊர்க்காரர் ஒருத்தர் 2004ஆம் ஆண்டுப் பொங்கல் வீடியோ அனுப்பினவர். அதில முதல் மூட்டை மடைப்பள்ளிக்குத்தான் போகுது.”

ஏரம்பு சுற்றுமுற்றும் பார்த்தார். குரல் இறங்கியது.

“2011. சண்டை முடிஞ்சு எல்லாரும் ஊருக்குத் திரும்பி வந்த நேரம். மார்கிறட்டுக்கு மனுசன் இல்லை, ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். அரிசி குடுத்துவிட்டா ‘நாங்கள் என்ன பிச்சைக்காரரோ’ எண்டு திருப்பி அனுப்புவா. மூண்டு தரம் அனுப்பிப்போட்டா. அதுதான் குதிரையை ஓடவிட்டனான்.”

“மார்கிறட் அன்ரியிட்ட இப்பப் போய்க் கேக்கப்போறன் ஐயா.”

“ஐயோ, கேளாதேங்கோ! அவாவுக்குத் தெரிஞ்சா மூட்டையைக் கொண்டுவந்து கோயில் வாசலில எறிஞ்சுபோட்டு ஊரைவிட்டே போயிடுவா.”

“கேக்காமல் எழுதேலாது ஐயா.”

தேனுகா நடந்தாள். ஏரம்பு சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து, மார்கிறட் வீட்டு முடக்கில் நின்றுவிட்டார்.

மார்கிறட் தேத்தண்ணி கொடுத்தார். தேனுகா எடுத்து வைத்த ரெக்கோடரைப் பார்த்து நிமிர்ந்து இருந்தார்.

“ஓம் பிள்ளை, முந்நூறு வருசம். வெள்ளைக் குதிரை. வலை வீசினது எங்கட பூட்டன்தான்.” பிறகு, “உந்த ரெக்கோடரை நிப்பாட்டுங்கோ ஒருக்கா.”

நிற்பாட்டினாள்.

மார்கிறட் விழுந்து விழுந்து சிரித்தார். “இறால் வலையில குதிரை பிடிபடுமோ பிள்ளை? நாங்கள் கடற்காரர். ஒரு சுறா விழுந்தாலே அந்த வலை பீத்தலாப் போகும்!”

“அப்ப, முதலே தெரியுமோ?”

“முதல் வருசமே தெரியும். பிள்ளையள் பசியில சுருண்டு கிடந்ததுகள். அந்த மனுசன் மூட்டையோட வந்து, வேர்த்து விறுவிறுத்துக் குதிரைக் கதை சொல்லுது. நம்பினமாதிரி இருந்திட்டன்.”

“இப்ப மகள் வேலைக்குப் போறாவே. வேண்டாமெண்டு சொல்லலாமெல்லோ?”

“சொன்னா, ஏரம்பண்ணையின்ர முந்நூறு வருசமும் என்னாகிறது?”

முற்றத்தில் மகள் டிலுசா ஒரு அரிசி மூட்டையை மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“மிஸ், இந்தக் கயிற்றை ஒருக்காப் பிடியுங்கோ. போன வருசத்துப் பங்கு நெல்லு. குத்தினா மூட்டை குறையும், மிச்சத்தை நாங்கள் போட்டு நிரப்பிறனாங்கள். ஜனகன் அண்ணையின்ர கடையில குடுத்தா அவர் கோயிலில இறக்கி விடுவார்.” பல்லால் கயிற்றை இறுக்கினாள். “பேர் மட்டும் சொல்லப்படாது எண்டு அம்மா.”

தேனுகா முடக்குக்கு வந்தபோது, ஏரம்புவுக்குப் பக்கத்தில் கனகலிங்கமும் நின்றார்.

“என்ன பிள்ளை, பொய்தானே? நிப்பாட்டலாமோ?”

ஏரம்பு சைக்கிள் பிறேக்கை இறுக்கிப் பிடித்தார். நின்ற சைக்கிளுக்கு எதற்குப் பிறேக் என்று அவருக்கே தெரியாது.

“தாராளமா நிப்பாட்டலாம் ஐயா,” என்றாள் தேனுகா. “ஆனா நீங்கள் நிப்பாட்டின அடுத்த வருசமே, உங்கட லண்டன் அடியாரும் நிப்பாட்டிப்போடுவார்.”