நலாமாவின் விலாசம்

“பன்னிரண்டு வெள்ளி ஐம்பது காசு. பதினொரு வருசமா உங்களுக்கு நான் தரவேண்டிய காசு,” என்று ஓர் உறையை மேசைமேல் வைத்தார் சண்முகரத்தினம். உறைமேல் ‘மொழிபெயர்ப்பு: வேலாயுதம்’ என்று எழுதியிருந்தது.

வேலாயுதம் அதைத் தொடவில்லை. கிள்ளான் துறைமுகத்தில் முப்பது வருடம் மூட்டை தூக்கிய முதுகு நாற்காலியில் சாயாது. விளிம்பில் உட்கார்ந்தபடி, “பத்திரிகையே நின்னுபோச்சு. இதுக்காக பிரிக்பீல்ட்ஸ்லருந்து பஸ் ஏறி வரணுமா ஐயா? இருக்கட்டும்லா,” என்றார்.

“கணக்கு எண்டால் கணக்கு. சொந்தக் கதைக்கு இருபத்தைந்து, மொழிபெயர்ப்புக்குப் பாதி. எல்லாருக்கும் குடுத்து முடிச்சிட்டன். நீங்கள் ஒராள்தான் மிச்சம்.”

சண்முகரத்தினம் ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதுகளில் முந்நூறு பிரதி போகிற ஒரு மாத இதழை நடத்தினார். வேலாயுதத்தை இதுவரை தபாலில்தான் தெரியும். இன்றுதான் முகம் பார்க்கிறார்.

வேலாயுதத்தின் மனைவி நல்லம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படி வாசலில் நின்றுகொண்டாள். காப்பியைக் குடித்ததும் பெரியவருக்குப் பழைய நாள் திரும்பிவிட்டது. ஸ்காட் ரோட்டுச் சாப்பாட்டுக்கடை மாடி, மாதக் கடைசி ஞாயிறு இலக்கியக் கூட்டம், எட்டுப் பேர், இரண்டு காற்றாடி, அதில் ஒன்று ஓடாது. லண்டனிலிருந்து பார்சலில் ஆப்பிரிக்க நாவல் ஒன்று வந்தால் எட்டுப் பேரும் முறை வைத்துப் படிப்பார்கள். கடைசி ஆள் கைக்குப் போகும்போது அதில் மீன்குழம்புக் கறை இருக்கும். வெள்ளைக்காரன் தங்களைப் பற்றி எழுதியது போதும் என்று அந்த ஜனங்களே எழுத வந்துவிட்டார்களே, அதை லண்டன் அளவுகோலால் அளக்கலாமா என்று கீழே கடை சாத்தும்வரை சண்டை நடக்கும்.

“அந்த நேரத்திலைதான் உங்கட தபால் வந்தது. துறைமுகத்துக்கு வந்த ஒரு ஆப்பிரிக்கக் கப்பல்காரன் தந்த கதை எண்டு எழுதியிருந்தியள். எழுதினவ நலாமா எண்ட ஒரு பெண்.”

காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாய், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை வீட்டில் பூட்டிவிட்டு விடியலில் வேலைக்கு ஓடுகிற கதை அது. அந்த எட்டுப் பேரில் ஒருவரான சிவசம்பு கூட்டத்தில் வாசித்துக் காட்டும்போது பாதியில் குரல் உடைந்து நிறுத்திவிட்டாராம். இப்படி ஒன்றை எங்கள் ஆட்கள் எழுத இன்னும் ஐம்பது வருடம் ஆகும் என்று சொன்னாராம்.

“நானும் ஓம் எண்டுதான் சொன்னனான். அப்ப எனக்கு வாற தபாலில் பாதி தோட்டத்துக் கதை. ரப்பர்ப்பால் வாடை அடிக்குது எண்டு ரெண்டாம் பக்கம் திருப்பாமலே திருப்பி அனுப்பிப் போடுவன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

வேலாயுதமும் சிரித்துவைத்தார். நல்லம்மாள் சிரிக்கவில்லை.

பிறகு பெரியவர் பையிலிருந்து அச்சுத் தாள்களை எடுத்தார். நவீன ஆப்பிரிக்க இலக்கியம் வளர்ந்த விதத்தையும் அதன் விமர்சனத்தையும் பற்றித் தமிழில் ஒரு புத்தகம். இருபது வருட உழைப்பு. கடைசி அத்தியாயம் முழுக்க நலாமாவின் கதையைப் பற்றியது. இந்த ஒரு பெண்ணை மட்டும் எந்தப் பட்டியலிலும் காணோம். லண்டனுக்கு எழுதினார், லாகோஸுக்கு எழுதினார், நைரோபிக்கும் எழுதினார். யாருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆளே கிடைக்காவிட்டால் அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டியதுதான். எடுத்துவிட்டால் புத்தகத்தில் மற்றவர் சொன்னதுதான் மிஞ்சும், தான் கண்டுபிடித்தது ஒன்றும் இருக்காது.

“எனக்கு எழுபத்தொரு வயசு. கண்ணில புரை. இன்னொரு புத்தகம் எழுத ஏலாது. விலாசம் இருந்தால் தாங்கோ, வேலாயுதம்.”

வேலாயுதம் தலையைச் சொறிந்தார். கப்பல் போய் எவ்வளவோ நாளாச்சு என்றார். அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

பெரியவர் தாள்களை மெல்ல அடுக்கினார். ஒரு தாளில் கை நின்றது.

“சரி, ஒரு சொல்லுக்காவது விளக்கம் தாங்கோ. ‘சங்கு ஊதியதும் பெண்கள் பெரட்டுக்கு ஓடினார்கள்’ எண்டு வருது. பெரட்டு எண்டால் பழங்குடிகளின்ர சூரிய வழிபாடு எண்டு நான் அடிக்குறிப்புப் போட்டனான். அது எந்த நாட்டுப் பாசை?”

நல்லம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“தமிழ்தான் ஐயா,” என்றாள். “விடியக்காலையில பேர் கூப்புட வரிசையா நிக்கவைப்பாங்க. நான் பால் வெட்டின தோட்டத்துல அதுக்குப் பெரட்டுன்னுதான் சொல்லுவோம். அத மட்டும் மாத்த மறந்துட்டோம்.”

சண்முகரத்தினம் வேலாயுதத்தைப் பார்த்தார்.

“எனக்கு எங்கலா ஐயா இங்கிலீஷு? முப்பத்தஞ்சு வயசுல யூனியன் வகுப்புலதான் அ, ஆ படிச்சேன். இவ சொன்னா, நான் எழுதினேன். முதல்ல ரப்பர்த் தோட்டம்னு போட்டு, இவ பேருலதான் அனுப்பினோம். நீங்க திருப்பி அனுப்பிட்டீங்க.”

“காப்பிச் செடிய நான் கண்ணால பார்த்ததே இல்ல,” என்றாள் நல்லம்மாள்.

‘நலாமா’ என்று இருந்த பெயரைப் பெரியவர் எழுத்தெழுத்தாக ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு உறைமேல் இருந்த எழுத்தை அடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து இன்னொரு பன்னிரண்டு வெள்ளி ஐம்பது காசை எண்ணி அதோடு சேர்த்து, மேசைமேல் நல்லம்மாள் நின்ற பக்கமாக நகர்த்தினார்.

“சொந்தக் கதைக்கு இருபத்தைந்து.”