குழலியின் கன்னத்தில் ஒரு கொசு

தியான வகுப்பில் மணி அடிக்கும்வரை யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது. வத்சலா திறந்திருந்தாள். பக்கத்துப் பாயில் எதிர்வீட்டுக் குழலி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கன்னத்தில் ஒரு கொசு நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது. அதன் வயிறு சிவந்து உப்பிய பிறகும் குழலியின் இமைகூட ஆடவில்லை.

இரவெல்லாம் தூக்கம் வராமல் தவித்துத்தான் வத்சலா இந்த வகுப்பில் சேர்ந்தாள். துணைக்கு இருக்கட்டுமே என்று குழலியைக் கூட்டிவந்ததும் அவள்தான். வத்சலா வீட்டிலும் விடாமல் மூச்சைக் கவனித்தாள், காப்பியைக்கூட விட்டாள். ஆனாலும் ஆசிரியை தினமும், "மனசு அடங்கறதுன்னா என்னன்னு குழலியைப் பார்த்துக் கத்துக்குங்கம்மா" என்பார். வத்சலாவுக்கு வயிறு எரியும். எரிவதையும் கவனித்துப் பார்ப்பாள். இன்னும் எரியும்.

கை தானாக எழுந்தது. ஒரு கொசுவுக்கு வேண்டியதைவிடப் பலமாகவே அறை விழுந்தது. கூடத்தில் எல்லாக் கண்களும் திறந்துகொண்டன.

"கொசுடீ" என்றாள் வத்சலா.

குழலி மலங்க மலங்க விழித்து, கடைவாயைத் துடைத்துக்கொண்டாள். "மணி அடிச்சாச்சாக்கா?" என்றவள், வத்சலாவின் காதருகே குனிந்தாள். "மிஸ்கிட்ட சொல்லிடாதீங்க. தினமும் இப்படித்தான். கண்ணை மூடினதும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடறேன்."

"தூக்கமா?"

வத்சலாவின் உள்ளங்கை எரிந்தது. ஞானம் என்றால்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள்.