கோணல் யாரிடம்?

"குதிரை கோணலாப் போனா நான் என்ன பண்ணுவேன்?" குதிரைமேல் இருந்த கணவன் எரிந்து விழுந்தான்.

"குதிரை ஒழுங்காத்தான் போகுது. நீங்கதான் வலப்பக்கம் முறுக்கிக்கிட்டு உக்காருறீங்க. நான் சொல்றது காதுல விழுதா இல்லையா?" குதிரை சுற்றிவரும் வட்டத்தின் நடுவில், அவனுக்கு வலப்பக்கமாக நின்று கத்தினாள், அவனுக்குப் பயிற்சி தரும் மனைவி.

கத்தக் கத்த அவன் இன்னும் அவள் பக்கம் முறுக்கிக்கொண்டான். விடிந்தால் போட்டி.

அலுத்துப்போய் அவள் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த சுற்றிலேயே அவன் முதுகு நிமிர்ந்தது. குதிரையும் நேரானது.

அவளுக்குச் சுருக்கென்றது. குதிரையை நிறுத்தி, அவனுடைய வலப்பக்கம் போய் மெதுவாகச் சொன்னாள்: "இந்தக் குதிரைய வித்துடலாங்க."

அந்தக் குதிரைக்காக உயிரையே விடுபவன், ஒன்றும் சொல்லாமல் அதன் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தான்.

அவள் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தாள்.

"வலது காது எப்போலருந்துங்க கேக்கல?"