சதை போட்டவள்

தாரை வார்த்து முடிந்ததும், பெண்ணைப் பெற்றவர்கள் எழுந்து ஓரமாக நிற்கலாம் என்றார் ஐயர்.

பூபாலன் எழுந்துவிட்டார். அவர் மனைவி கனிமொழியால் முடியவில்லை.

காலை மடக்கி, உடம்பை முன்னே தள்ளிப் பார்த்தாள். தொடைகள் வேறு யாருடையவோ போலக் கிடந்தன.

திருத்தணி மலை மேல் அன்று நல்ல முகூர்த்தம். அடுத்த கல்யாணக்காரர்கள் மாலையும் கையுமாக மண்டபத்து வாசலிலேயே நின்றிருந்தார்கள். ஐயருக்கு அவசரம்.

வேனில்தான் மலையேறி வந்தார்கள். இருந்தும் மண்டபத்துப் படிக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. உள்ளே நுழைந்ததிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பேச்சு. ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த நாத்தனார் கன்னத்தைக் கிள்ளியே பார்த்தாள்.

"இன்னா அண்ணி, நல்லா சதை போட்டுகினு ஜம்முனு கீறீங்க!"

கனிமொழி சிரித்துவைத்தாள்.

சதை போடவில்லை. போனதே சதைதான். மார்பில் கட்டி என்று தெரிந்து, ஆபரேஷன் செய்து, மின்சார ரயிலில் சென்னைக்கு அலைந்து அலைந்து ஊசி போட்டுக்கொண்டதில் எடை கூடியிருந்தது. முகமும் வயிறும் ஊதின. அதெல்லாம் நீரும் கொழுப்பும்தான், கை கால் சதை உள்ளுக்குள் கரைந்துவிட்டது என்றார் டாக்டர். முட்டை சாப்பிடச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழச் சொன்னார். சில நாள் முடிந்தது. பல நாள் முடியவில்லை. தரையில் உட்கார்ந்து மாதக்கணக்காகிறது.

மாப்பிள்ளை வீட்டாரிடம் தைராய்டு என்று சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு வந்தது பெண்ணுக்கும் வரும் என்று ஏற்கெனவே ஒரு வரன் தட்டிப்போனது. இவர்கள் நல்ல மனிதர்கள். மகள் யுவஸ்ரீக்கும் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. தாலி ஏறும்வரை உன் முகமே நம்மைக் காப்பாற்றிவிடும் என்று பூபாலன் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தத் தாலி இப்போது தட்டில், பெரியவர்களின் கை பட, கூட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. பூபாலன் தட்டுக்குப் பின்னாலேயே போய்விட்டார்.

யுவஸ்ரீ மட்டும் கவனித்தாள். மாலையோடு குனிய வந்தவளை, வேண்டாம் என்று கண்ணாலேயே தடுத்தாள் கனிமொழி.

கையை ஊன்றி மறுபடி முயன்றாள். முடி கொட்டிய தலையில் மாட்டியிருந்த டோப்பாவுக்குள் வியர்வை வழிந்து காதோரம் இறங்கியது. அப்படியே மணையில் சாய்ந்து படுத்துவிடலாம் போலிருந்தது. தாலி, தட்டு, சம்பந்தி, எதுவும் வேண்டாம். கொஞ்ச நேரம் யாரும் கூப்பிடாமல் இருந்தால் போதும்.

மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்றிருந்த அவன் அம்மா ரத்தினம்மாள், அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்துவிட்டு, மணையைச் சுற்றிக்கொண்டு மெதுவாக அவளிடம் வந்தார்.

போச்சு என்று நினைத்தாள் கனிமொழி.

ரத்தினம்மாள் அவள் காதருகே குனிந்தார்.

"எந்தப் பக்கம்?"

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. மார்பில் கத்தி வைத்த பக்கத்துக் கையைப் பிடித்து யாரும் இழுக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். தைராய்டுக்காரியிடம் கேட்கிற கேள்வி இல்லை அது.

பொய் சொல்லவும் தெம்பில்லை.

"இடது," என்றாள்.

ரத்தினம்மாள் வலது பக்கமாக வந்தார். அவள் இடுப்பைச் சுற்றிக் கை போட்டு, தன் உடம்போடு சாய்த்து, மூச்சைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். போட்டது ஒரு கைதான். இன்னொரு கையைத் தன் மார்போடு ஒட்டியே வைத்திருந்தார். நின்ற பிறகும் இரண்டு பேருக்கும் கால் நடுங்கியது.

கெட்டிமேளம் கொட்டியது. எல்லோரும் அட்சதை தூவினார்கள்.

"எனுக்கு வலது," என்றார் ரத்தினம்மாள், மகன் முடிச்சுப் போடுவதைப் பார்த்தபடி. "சொன்னா பொண்ணு குடுக்கமாட்டீங்கன்னு எங்க ஊட்ல யாரும் வாயத் தொறக்கல."